அறுபதில் தொடங்கும் நடுக்கம்

காலை ஏழு மணிக்கு முன்பே அவள் காரின் பின்கதவைத் திறந்து, ஐஸ் பெட்டியை முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் நடுவில் இறக்கினாள். பெட்டியைச் சுற்றி மடித்த கம்பளியைத் திணித்தாள். ஒரு பழைய தலையணையையும் செருகினாள். உள்ளங்கையால் அழுத்தி ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. இருந்தும் அவளுக்குத் திருப்தி இல்லை.

நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒன்பது சின்னக் கிளினிக்குகளில் எடுக்கும் இரத்த மாதிரிகளை வாங்கிக்கொண்டு வந்து நகரத்துப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாகச் செய்கிறாள். கிளினிக்குகளில் அவளுக்குச் ‘சாம்பிள் அக்கா’ என்று பெயர். மழையோ வெயிலோ, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால்தான் போய் நிற்பாள். அவளுடைய காருக்கு இருபத்திரண்டு வயது. எஞ்சின் முன்னால் இருந்தாலும் பின்சக்கரங்கள்தான் வண்டியைத் தள்ளும். அந்தக் கால அமைப்பு. அவளும் கணவரும் பழைய வண்டியாக வாங்கி, இத்தனை நாள் கண் மாதிரிப் பார்த்துக்கொண்டார்கள்.

ஊரைத் தாண்டி வண்டி வேகமெடுத்தது. நாற்பது, ஐம்பது, ஐம்பத்தைந்து. அறுபதைத் தொட்டதும் அது வந்தது. முதலில் இருக்கைக்கு அடியில் ஒரு சன்னமான நடுக்கம். பிறகு தரை முழுக்க ஓர் உதறல். உட்புறக் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரிந்தது. பெட்டிக்குள் கிளினிக்குகளுக்குக் கொடுக்க வைத்திருந்த காலிக் கண்ணாடிக் குழாய்கள் ஒன்றோடொன்று கிலுகிலுத்தன. அவள் வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார்.

ஆறு வாரமாக இதே கதை. கிளட்ச் தேய்ந்துபோய் மெக்கானிக்கிடம் விட்டு, வேலை முடிந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்த நாளிலிருந்து இந்த நடுக்கம் இருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலமே கணவரிடம் சொன்னாள். அவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். உடனே சாவியை வாங்கிக்கொண்டு போய்த் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினார். அந்தத் தெருவில் முப்பதுக்கு மேல் போக முடியாது. திரும்பி வந்து, “ஒண்ணும் இல்லையேம்மா, வெண்ணெய் மாதிரி போகுது. நீதான் ரொம்ப யோசிக்கிற,” என்றார். சொல்லிவிட்டு அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தார். அவ்வளவு பிரியமாகச் சொன்ன ஒன்றை எப்படி மறுத்துப் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மெக்கானிக்கும் நல்லவர்தான். கை சுத்தம், வேலையும் சுத்தம் என்று அந்த வட்டாரத்தில் பெயர். அவரிடம் போனபோது கணவரும் கூட வந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். மெக்கானிக் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் கணவர் பக்கம் திரும்பி, “ஓட்டிப் பார்த்துடலாம் சார்,” என்றார். ஆண்கள் இருவரும் முன்னால் உட்கார, அவள் பின்னால் உட்கார்ந்தாள். பைபாஸுக்குப் போனால்தான் தெரியும் என்று அவள் சொன்னதற்கு, அந்த நேரத்தில் அங்கே நெரிசல் என்று பதில் வந்தது. வண்டி ஐம்பதைத் தாண்டவே இல்லை. சக்கரங்களின் எடையைச் சமன்படுத்தினால் சரியாகிவிடும் என்று கணவரிடம் சொன்னார் மெக்கானிக். சமன்படுத்தினார். நடுக்கம் அப்படியே இருந்தது. அடுத்த வாரம் முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டார். மாற்றமில்லை. அதற்கடுத்து எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களைப் புதிதாகப் போட்டார். அப்போதும் இல்லை.

மூன்றாவது தடவை போயிருந்தபோது அவள் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள். “கிளட்ச் மாத்தின நாள்லேருந்துதான் இது இருக்கு. அதுக்கு முன்னாடி இல்ல.”

மெக்கானிக் அவளைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை பயந்தால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. பிறகு கணவரிடம், “பழைய வண்டி சார், இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். மேடம் இப்பத்தான் கவனிக்க ஆரம்பிச்சிருக்காங்க,” என்றார். கணவரும் சிரித்தார். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

லாரிக்காரர் ஹாரன் அடித்த அன்று மதியம் பரிசோதனைக் கூடத்தில் மேலாளர் அம்மாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு மூன்று குழாய்களைக் காட்டினார். மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் மூன்றிலும் செக்கச்செவேல் என்று கலங்கியிருந்தது. இரத்தம் குலுங்கி உடைந்துவிட்டால் இப்படித்தான் ஆகும், சோதனை செய்ய முடியாது. கொஞ்சம் பார்த்து ஓட்டக் கூடாதா என்று மேலாளர் கேட்டார். பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு சொல்லை அவள் வாங்கியதில்லை. மூன்று பேரிடமும் மறுபடி இரத்தம் எடுக்க வேண்டும். அவர்களில் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி.

மறுநாள் அந்தக் கிளினிக்கில் சிறுமி அவளுக்காகவே காத்திருந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான்கு நாள் காய்ச்சலில் முகம் சின்னதாகியிருந்தது. முழங்கையின் உள்மடிப்பில் முன்பு குத்திய இடம் நீலம் பாரித்திருந்தது. நர்ஸ் இன்னொரு கையைப் பிடித்தபோது சிறுமி அழவில்லை. வாசலில் நின்ற சாம்பிள் அக்காவைப் பார்த்து, “நேத்தே குடுத்தேனே, தொலைச்சிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

அவள் சிறுமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தப் பிஞ்சுக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். “தொலைக்கலடா கண்ணு. வழியில கெட்டுப்போச்சு. இந்தத் தடவ கெடாம கொண்டுபோறேன்,” என்றாள். சொல்லும்போதே, எப்படிக் கொண்டுபோகப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு முழுக்க ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டினாள். கூடத்துக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

கூடத்து வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. உள்ளே ஒரு முடிவு சந்தேகமாக வந்தால் அவர்கள் ஊகம் பண்ணுவதில்லை. எது காரணமாக இருக்க முடியாது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வருவார்கள். அதைத்தானே பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தன் வருகைப் பதிவு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். காலிப் பெட்டியோடு நேராகப் பைபாஸுக்குப் போனாள். அந்த நேரத்தில் வண்டிகள் குறைவாக ஓடும் நீண்ட நேர்ச்சாலை அது.

அறுபத்தைந்தில் மூன்றாவது கியரில் ஓட்டினாள், பிறகு நான்காவதில் ஓட்டினாள். எஞ்சினின் இரைச்சல் மாறியது, நடுக்கம் மாறவில்லை. ஓரமாக நிறுத்தி எழுதிக்கொண்டாள். மறுபடி எழுபதுக்குக் கொண்டுபோய்க் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, வண்டியைத் தானாக உருளவிட்டாள். எஞ்சின் அடங்கிப்போனது, நடுக்கம் மட்டும் அடங்கவில்லை. ஸ்டியரிங் மேல் விரல் நுனிகளை வைத்துப் பார்த்தாள், அது ஆடவில்லை. இருக்கைதான் ஆடியது. வேகம் குறையக் குறைய நடுக்கமும் குறைந்து, ஐம்பத்தைந்தில் ஓய்ந்தது. எல்லாவற்றையும் எழுதி, கீழே தேதியைப் போட்டாள். ஆறு வாரத்தில் முதல் தடவையாக, தனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

சாயங்காலம் நேரே கணவரின் கடைக்குப் போனாள். அவர் ஒரு வயசாளிக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தார். சோதனைச் சட்டத்தில் ஒவ்வொரு வில்லையாகப் போட்டு, “இது தெளிவா, முன்ன போட்டதா?” என்று கேட்டார். பெரியவர் முன்னது என்றார், பிறகு இல்லை இதுதான் என்றார், பிறகு இரண்டும் ஒன்றுதான் என்றார். கணவர் அலுத்துக்கொள்ளவில்லை. ஏழாவது வில்லையில் பெரியவர் முகம் மலர்ந்தது. அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த கணவர் நோட்டை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

“நல்லா எழுதியிருக்கியே. நாளைக்கே மெக்கானிக்கிட்ட நான் சொல்றேன்,” என்றார்.

“நீங்க சொன்னா அவர் கேப்பார். அதுதாங்க எனக்கு வலிக்குது.”

அவருக்குப் புரியவில்லை. அவள் குரலை உயர்த்தாமலே சொன்னாள். “அந்தப் பெரியவர் மங்கலா இருக்குன்னார். நீங்க அவர் கண்ணுக்குள்ள போய்ப் பார்த்தீங்களா? அவர் சொன்னார், நீங்க நம்பினீங்க. முன்னப்பின்ன தெரியாதவர். நான் ஆறு வாரமா உதறுதுன்னு சொல்றேன். ‘ரொம்ப யோசிக்கிற’ன்னுதான் சொன்னீங்க.” பிறகு அந்தச் சிறுமி கேட்டதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

கணவர் வில்லைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார். நாளைக்குக் கடைக்கு விடுமுறை, உன்னோடு வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை அவர் பின்னிருக்கையில் உட்கார்ந்து, அவள் தடுத்தும் கேட்காமல், ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். ஊருக்குள் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். பைபாஸில் முள் அறுபதைத் தொட்டதும் அவர் மூக்குக்கண்ணாடி மூக்கிலேயே நடனமாடத் தொடங்கியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார். இருக்கை வழியாக முதுகில் ஏறிய உதறல் பல்வரை வந்தது. மடியில் காலிக் குழாய்கள் கிலுகிலுத்தன. இரண்டே நிமிஷத்தில், போதும் என்று கை காட்டினார். அவள் வேகத்தைக் குறைத்தாள்.

“தினமும் இப்படியேவா?”

“தினமும்தான். போகும்போதும், வரும்போதும்.”

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐந்தாவது கிளினிக் தாண்டித்தான் வாயைத் திறந்தார். “நீ சொன்னப்போ நம்பல. இந்தக் கார் சீட்டு உதறிச் சொன்னப்போ நம்பறேன். உன்கூட இருபது வருஷம் குடும்பம் நடத்திட்டு, உன் பேச்சவிட சீட்டுப் பேச்சு பெரிசாப் போச்சு எனக்கு.” அடுத்த கிளினிக்கில் இறங்கும்போது அவர் தோளைத் தட்டிவிட்டு இறங்கினாள்.

மாதிரிகளை மெதுவாகவே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு மதியத்துக்கு மேல் பட்டறைக்குப் போனார்கள். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, வழக்கம்போல, “என்ன சார், இன்னும் அதேதானா?” என்று கணவரைக் கேட்டார்.

“வண்டி ஓட்டறது அவங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, அவங்ககிட்ட கேளுங்க,” என்றார் கணவர். சொன்னதோடு நிற்காமல் சாலையைத் தாண்டி, எதிரே இருந்த மர பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மெக்கானிக் கொஞ்சம் திக்குமுக்காடிப் போனார். வேறு வழியில்லாமல் அவள் நீட்டிய நோட்டை வாங்கினார். படிக்கப் படிக்க அவர் புருவம் சுருங்கியது. நியூட்ரலில் உருளவிட்டபோதும் இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றாள். உதறல் மெதுவாகத் தட்டுவது மாதிரியா, வேகமாக ரீங்கரிப்பது மாதிரியா என்று கேட்டார். வேகமாக, சக்கரம் சுற்றுவதைவிட ரொம்ப வேகமாக என்றாள். இந்தக் கேள்விகளை அவர் ஆறு வாரத்துக்கு முன்பே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை என்பது அவருக்கே அப்போது உறைத்தது.

“எப்பலேருந்து இருக்கு?”

“கிளட்ச் மாத்தின நாள்லேருந்து.”

அதே பதில்தான். ஆனால் இந்தத் தடவை அது அவர் காதில் விழுந்தது. அப்படியே நின்றுவிட்டார். கிளட்சை மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதை இறக்க வேண்டுமானால், எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை முதலில் கழற்ற வேண்டும். காரின் அடிவயிற்றில் நீளவாக்கில் கிடக்கும் இரும்புக் குழாய் அது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நாலு சுற்றுச் சுற்றிவிடும். அதைக் கழற்றியதும் மாட்டியதும் அவர் கைதான்.

வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு விளக்கோடு அடியில் போனார். ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினார். ‘டக், டக்’ என்று சத்தம் கேட்டது. பின்பக்கம் ஷாஃப்டை இணைக்கும் தட்டைத் துணியால் அழுத்தித் துடைத்தார். துடைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தார்.

காருக்கு அடியில் வேறு யாரும் இல்லை. சத்தம் போடாமல் சரிசெய்து, வயசான பாகம் தேய்ந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது. அவர் தலையை வெளியே நீட்டி, “கொஞ்சம் குனிஞ்சு பார்க்க முடியுமாம்மா?” என்றார். அவள் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். இணைப்பின் ஒரு பாதியில் மேலே ஒரு சின்ன வெட்டுக்குறி இருந்தது. மறு பாதியில் அதே மாதிரிக் குறி கீழே இருந்தது.

“இந்த ரெண்டு குறியும் நேருக்கு நேர் நிக்கணும். கம்பெனியில சமன் பார்த்து வச்ச குறி. நான் அவசரத்துல தலைகீழா மாட்டியிருக்கேன். அதுல ஷாஃப்ட் ஆடி ஆடி, இந்தக் கிராஸும் தேஞ்சுபோச்சு.” ஷாஃப்டின் முனையில் இருந்த, சிலுவை வடிவ இணைப்பைக் காட்டினார். “இது என் கை பண்ணின தப்பு. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தா இது உடைஞ்சு, ஷாஃப்ட் ரோட்டுல விழுந்திருக்கும். வேகத்துல போகும்போது விழுந்தா…”

அவர் முடிக்கவில்லை. அவளுக்கும் முடித்துக் கேட்க வேண்டியிருக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்த லாரிதான் நினைவுக்கு வந்தது. கை தானாகக் காரின் கதவைப் பிடித்துக்கொண்டது.

புதுக் கிராஸ் வாங்கிக்கொண்டு வந்து அடித்துப் பொருத்தினார். குறிகளை நேருக்கு நேர் நிறுத்தி, ஒவ்வொரு போல்டாக முறுக்கினார். இரண்டு மணி நேரம் ஆனது. முடித்ததும் சாவியை அவளிடம் நீட்டி, “நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். பைபாஸுக்கே போலாம்,” என்றார்.

அறுபது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எழுபது, எண்பது. தரை அமைதியாக இருந்தது. உட்புறக் கண்ணாடியில் பின்னால் வந்த பஸ் ஒன்றே ஒன்றாகத் தெரிந்தது. காற்றின் சத்தமும் டயரின் சத்தமும் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மெக்கானிக் நேரே சாலையைப் பார்த்தபடி பேசினார்.

“முதல் நாளே நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் யார் சொல்றாங்கன்னு பார்த்தேன், என்ன சொல்றாங்கன்னு கேக்கல. எத்தன வண்டிய இப்படிப் பார்த்திருக்கேனோ.” மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னார். முதல் தடவை வாய்க்குள்ளேயே போய்விட்டது. இரண்டாம் தடவை நன்றாகக் கேட்டது.

பட்டறையில் அவரை இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கம் இருந்த கணவரை ஏற்றிக்கொண்டாள். அவர் முன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சரியாகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது என்றாள். தலைகீழாக மாட்டிய கதையைச் சொன்னாள். ஷாஃப்ட் விழுந்திருக்கும் என்று சொன்ன இடத்தில் அவர் கையைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டார். வெயில் இறங்கி, சாலையோர மரங்களின் நிழல் நீண்டிருந்தது.

“இன்னொண்ணு சொல்லணும்,” என்றாள் அவள். “ஒரு மாசமா வலது கை மரத்து மரத்துப் போகுது. காலையில எழுந்திரிச்சா விரல மடக்க முடியல. பெட்டியத் தூக்கறப்போ கை நழுவப் பார்க்குது.”

“ஒரு மாசமாவா? என்கிட்ட ஏன் சொல்லல?”

அவள் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. “சொன்னா, வேல ஜாஸ்தி, ரொம்ப யோசிக்காதன்னு சொல்வீங்கன்னு நினைச்சேன். சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்.”

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார் கணவர். அவள் நிறுத்தினாள். அவர் அவளுடைய வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக நீவினார். இருபது வருஷம் பார்த்த கை. அதில் ஒரு மாசமாக ஒரு வலி குடியிருந்திருக்கிறது. அது தனக்குத் தெரியாமல் போனது மறதியாலோ அன்பு குறைந்ததாலோ இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அன்புக்கு ஒரு குறைச்சலும் இருக்கவில்லை. கேட்கும் காது மட்டும்தான் இல்லாமல் போயிருந்தது.

“ஒருத்தர் சொல்றத நாம நம்பலன்னா, அவங்க பொய் சொல்றவங்களா ஆயிட மாட்டாங்க,” என்றார் அவர். “சொல்றதையே நிறுத்திடுவாங்க. அப்புறம் வீட்டுக்குள்ள என்ன உடைஞ்சாலும் நமக்குத் தெரியாது. பாசமா இருந்தா மட்டும் போதாதும்மா, பேச்சையும் நம்பணும். எனக்கு இது இத்தன நாள் தெரியல.”

அவள் கையை அவரிடமே விட்டிருந்தாள். அவர் இருக்கையில் அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“எந்த விரல்ல ஆரம்பிச்சுது? மெதுவா சொல்லு. முழுசும் சொல்லு.”

அவள் சொல்லத் தொடங்கினாள்.